என் கை என்னுடையது போல் இல்லை

கேள்வி: எனக்கு வயது 27. கோவையில் ஒரு மெடிக்கல் பில்லிங் நிறுவனத்தில் இரவுப் பணி செய்கிறேன். மூன்று மாதங்களாக என் உடம்பு என்னுடையது போல் தோன்றவில்லை. தலை பின்னும்போது கண்ணாடியில் தெரியும் கை வேறு யாருடையதோ போல் இருக்கிறது. நான் பேசுவதை நானே பக்கத்து அறையிலிருந்து கேட்பது போல் இருக்கிறது. அப்பா ஜனவரியில் இறந்தார். வலியாவது எனக்குத் தெரிகிறதா என்று பார்க்க ஒருநாள் தோசைக்கல்லில் விரலை வைத்தேன். சுட்டது, ஆனால் வேறு ஒருத்திக்குச் சுட்டது போல் இருந்தது. மாமியார் காற்றுக்கருப்பு என்று மந்திரிக்க அழைக்கிறார். தோழி இது ஞானத்தின் முதல் படி என்கிறாள். கூகுளில் தேடினால் மூளைக்கட்டி என்று வருகிறது. எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா? இதற்கு என்னதான் காரணம்?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான்கு இடங்களில் ‘போல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் முதலில் கவனித்தது அந்தச் சிறிய சொல்லைத்தான். கை வேறொருவருடையது என்று நீங்கள் எழுதவில்லை. வேறொருவருடையது போல் இருக்கிறது என்றே எழுதியிருக்கிறீர்கள். மனச்சிதைவு போன்ற நோய்களில் பெரும்பாலும் இந்த ‘போல்’ உதிர்ந்துவிடும். அந்தக் கை உண்மையிலேயே இன்னொருவரின் ஆளுகையில் இருப்பதாக நோயாளி நம்பத் தொடங்குவார். உங்களுக்கு அப்படி நேரவில்லை என்று கடிதத்தைப் படிக்கும்போது தோன்றுகிறது. தோன்றுவது ஒன்று, உண்மை வேறொன்று என்பது உங்களுக்குத் தெரிந்தே இருக்கிறது. தெரிந்திருப்பதால்தான் இவ்வளவு பயப்படுகிறீர்கள்.

இந்த உணர்வுக்கு மருத்துவத்தில் டீபர்சனலைசேஷன் என்று பெயர். சுற்றியுள்ள உலகம் கண்ணாடிக்கு அப்பால் இருப்பதாகத் தோன்றினால் அதை டீரியலைசேஷன் என்பார்கள். இரண்டும் பல நேரங்களில் சேர்ந்தே வரும். ஜெனீவாவைச் சேர்ந்த தத்துவவாதி ஆமியேல் 1880இல், தன் உடலுக்கு வெளியே நிற்பதாகத் தோன்றுகிறதே, இது பைத்தியமா என்று தன் நாட்குறிப்பில் கேட்டுக்கொண்டார். அவர் கையாண்ட சொல்லை எடுத்துத்தான் 1898இல் பிரான்சின் உளவியலாளர் துகா இந்த நிலைக்குப் பெயர் வைத்தார். ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் எழுதிவைத்த கேள்வியையே நீங்களும் கேட்டிருக்கிறீர்கள் என்பது, இப்படி உணர்ந்த முதல் ஆள் நீங்கள் அல்ல என்பதற்காவது சான்று. தூக்கமில்லாத இரவிலோ விபத்தின் அதிர்ச்சியிலோ சில நிமிடங்கள் இப்படி உணர்ந்தவர்கள் ஏராளம். அது நீங்காமல் நிலைத்தோ, மீண்டும் மீண்டும் வந்தோ வாழ்க்கையைக் குலைக்கும் அளவுக்குப் போவது நூறில் ஓரிருவருக்கு.

இனிக் காரணம். நீங்கள் ஒரே காரணத்தைத் தேடுகிறீர்கள். உங்கள் கடிதத்திலோ குறைந்தது மூன்று இருக்கின்றன.

முதலாவது, துயரம். தமிழில் ‘மரத்துப்போதல்’ என்ற சொல் காலுக்கும் பொருந்தும், மனத்துக்கும் பொருந்தும். தாங்க முடியாத ஒன்று நேரும்போது மூளை உணர்ச்சியின் அளவைக் குறைத்துவிடுகிறது. அருவருப்பூட்டும் படங்களைக் காட்டும்போது இந்த நிலையில் இருப்பவர்களிடம், உடலின் உள்ளுணர்வுகளைத் திரட்டும் இன்சுலா என்ற மூளைப்பகுதி குறைவாகவே செயல்படுவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அப்பாவின் மரணத்தைப் பற்றி நீங்கள் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். தோசைக்கல்லுக்குக்கூட அதைவிட அதிக இடம் கொடுத்திருக்கிறீர்கள். அழுதீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது. பதினாறாம் நாள் காரியம் வரை வந்தவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டே நின்ற மகள்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது காரணம், உறக்கம். அமெரிக்க நேரத்துக்கு வேலை செய்து, விடியற்காலையில் வீடு திரும்பி, வீட்டு வேலைக்காக எட்டு மணிக்கு எழுபவருக்கு இந்த உணர்வு வருவதில் வியப்பில்லை. மூன்றாவது, பதற்றம். பயத்தில் மூச்சு வேகமாகும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாய்கள் சற்றே சுருங்குகின்றன. தலை லேசாவதும், விரல்கள் குறுகுறுப்பதும், எல்லாம் தொலைவில் இருப்பதாகத் தோன்றுவதும் இதனால்தான். அந்தத் தோற்றம் மேலும் பயமுறுத்த, மூச்சு இன்னும் வேகமாகிறது.

மூளைக்கட்டி என்று கூகுள் சொன்னதைப் பற்றி: இந்த ஒரு உணர்வு மட்டும் இருக்கும்போது அதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் உடல் சார்ந்த காரணங்களைப் பார்க்காமல் எல்லாவற்றையும் மனத்தின் தலையில் கட்டுவதும் தவறு. தைராய்டு, பி12, ரத்தசோகை, சர்க்கரை ஆகியவற்றுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை போதும். ஒற்றைத் தலைவலி, உட்காதுக் கோளாறு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, கஞ்சா ஆகியவற்றாலும் இது வரலாம். மருத்துவர் கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள். திடீரென ஒரு கருகல் வாசனை, ஏற்கெனவே நடந்ததே மீண்டும் நடப்பதாக ஓர் உணர்வு, சில நிமிடங்கள் நினைவு தப்புதல் என்று ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வந்தால், அது வலிப்பின் ஒரு வகையாக இருக்கக்கூடும். நரம்பியல் மருத்துவர், மூளையின் மின் அலைகளைப் பதியும் இஇஜி எடுக்கச் சொல்வார். ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ நினைவு முழுதாகத் தப்பினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

உங்கள் தோழி சொன்னதையும் ஒதுக்கிவிடவில்லை. 1896இல் மதுரையில் பதினாறு வயதுச் சிறுவனாக இருந்த ரமணர், பிணம் போல் படுத்து, ‘உடல் சாகும், நான் யார்?’ என்று பார்த்தது நம் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஆனால் அத்துடன் மரண பயம் தன்னைவிட்டுப் போய்விட்டது என்றே அவர் பின்னாளில் சொன்னார். உங்களுக்கோ இதனால்தான் பயமே தொடங்கியிருக்கிறது. மாமியார் திருநீறு பூசினால் பூசிக்கொள்ளுங்கள், அவருக்கும் மனம் ஆறும். ஆனால் அதைக் காரணம் காட்டி மருத்துவரைத் தள்ளிப்போட வேண்டாம்.

நான் கண்டிப்புடன் சொல்ல விரும்புவது அந்தத் தோசைக்கல்லைப் பற்றி. ‘கதவு’ என்ற சொல்லை ஐம்பது முறை தொடர்ந்து சொல்லிப் பாருங்கள். பொருள் கழன்று வெறும் ஓசையாகிவிடும். கையும் அப்படித்தான். என்னுடையதுதானா என்று கண்ணாடியில் உற்றுப் பார்க்கப் பார்க்க அது இன்னும் அந்நியமாகும். உடம்பு நம்முடையது என்ற உணர்வைப் பார்வையையும் தொடுகையையும் சேர்த்து மூளை ஓசையில்லாமல் நெய்துகொண்டே இருக்கிறது. ரப்பர் கையைக் கண்முன் வைத்து, மறைத்துவைத்த சொந்தக் கையையும் அதையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடினால், ரப்பர் கையே தன் கை என்று பலருக்குத் தோன்றிவிடுவதை 1998இல் வெளியான ஒரு சோதனை காட்டியது. அந்த நெசவை நின்று சோதிப்பது நூலை அறுப்பதாகத்தான் முடியும். ஆகவே சோதிப்பதை நிறுத்துங்கள். சூட்டாலோ கூர்மையாலோ சோதிப்பதை உடனே நிறுத்துங்கள். உணர்வு வரும்போது கவனத்தை வெளியே திருப்புங்கள்: கடுகு வெடிக்கும் ஓசை, குழாய்த் தண்ணீரின் குளிர்ச்சி, தரையில் பதியும் உள்ளங்கால். அது போய்விட்டதா என்று மட்டும் திரும்பிப் பார்க்காதீர்கள்.

இதற்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை. ஆனால் உடன் இருக்கும் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் மருந்து உண்டு. சோதிக்கும் பழக்கத்தையும் பயத்தையும் தளர்த்தும் சிபிடி என்ற பேச்சுச் சிகிச்சையும் பலருக்கு உதவுகிறது. உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். தொலைபேசியில் பேசுவது எளிது என்றால், மத்திய அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண் 14416 இரவிலும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் விடியும் வரை காத்திருக்காமல் அந்த எண்ணை அழையுங்கள், கணவரையும் எழுப்புங்கள்.

மருத்துவரிடம் போகும்போது ஒரு தாளில், எப்போது தொடங்கியது, எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், அப்பா எப்படி இறந்தார் என்பதை எழுதி எடுத்துச் செல்லுங்கள். விரலில் இருக்கும் தழும்பையும் மறைக்காமல் காட்டுங்கள்.