சிவிலும் ஆர்க்கிடெக்சரும் ஒன்றுதானா? மகளை அகமதாபாத் அனுப்பத் தயங்கும் ஓர் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா,

உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. ஆர்க்கிடெக்சர், அதாவது கட்டடக்கலை, படித்தால் மகளுக்குப் பிழைப்பு ஓடுமா என்பது ஒன்று. படித்தால் அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்தில்தான் படிப்பேன் என்று அவள் அடம்பிடிப்பது இன்னொன்று. நடுவே, "சிவில் எடுத்தாலும் கட்டடம்தானே கட்டப் போகிறாள்" என்று அவள் அப்பா சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வரும் அப்பாக்களில் பாதிப் பேர் சொல்வது இதைத்தான். அதனால் அதிலிருந்தே வருகிறேன்.

அகமதாபாத் ஆசிரம சாலையில், சபர்மதி ஆற்றங்கரையில், மில் உரிமையாளர் சங்கக் கட்டடம் இருக்கிறது. பிரான்சிலிருந்து வந்த ஆர்க்கிடெக்ட் லெ கொர்பூசியே வடிவமைத்து, 1954இல் கட்டி முடித்தது. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் அது. மேற்குப் பக்கம் சாலை. பிற்பகல் வெயில் அந்தப் பக்கம்தான் அடிக்கும். அங்கே கான்கிரீட் தடுப்புகளைச் சாய்வாகத் திருப்பி வைத்தார். வெயில் தடைபடும், காற்று தடைபடாது. கிழக்கே ஆறு. அந்தப் பக்கத் தடுப்புகளை நேராக நிறுத்தி, ஆற்றுக் காற்றுக்கும் காட்சிக்கும் வழிவிட்டார். அறையில் உட்காரப் போகும் மனிதனை வைத்துச் சுவரை யோசிப்பது ஆர்க்கிடெக்ட்டின் வேலை. அந்தச் சுவர் நிற்குமா, எவ்வளவு கம்பி போட வேண்டும் என்று கணக்குப் போடுவது சிவில் படித்த கட்டமைப்புப் பொறியாளரின் வேலை. அதே ஊரின் தாகூர் அரங்கைப் பாருங்கள். வடிவம் ஆர்க்கிடெக்ட் பி.வி. தோஷியுடையது, மடிப்பு மடிப்பாக நிற்கும் அந்தக் கான்கிரீட்டை நிற்க வைத்தவர் பொறியாளர் மகேந்திர ராஜ். இருவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் அரங்கு இல்லை. ஆனால் ஒருவர் படிப்பை வைத்து மற்றவர் வேலையைச் செய்ய முடியாது. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு செய்தவர் மட்டுமே தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். பி.இ. சிவில் முடித்தவருக்கு அந்தப் பதிவு கிடையாது. இதை அவள் அப்பாவிடம் சொல்லுங்கள்.

அடுத்து அந்த ஊர். உங்கள் மகளின் ஆசையைச் சினிமா மோகம் போல ஒதுக்கிவிடாதீர்கள். 1411இல் உருவான நகரம். அதன் பழைய பகுதி 2017இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. இந்தியாவில் அந்தப் பெருமை பெற்ற முதல் நகரம் அதுதான். 'போள்' எனப்படும் குறுகிய தெருக்கள், மரவேலை வீடுகள், முற்றத்துக்கு அடியில் மழைநீர்த் தொட்டி என்று இருந்த ஊரில், சுதந்திரத்துக்குப் பின் துணி மில் முதலாளிகள் உலகின் பெரிய ஆர்க்கிடெக்ட்களை அழைத்துக் கட்ட வைத்தார்கள். காந்தி ஆசிரம அருங்காட்சியகம் சார்லஸ் கொரியாவுடையது, 1963. ஐ.ஐ.எம். என்ற மேலாண்மைக் கல்லூரியின் வளாகம் அமெரிக்கர் லூயி கானுடையது. கானை அங்கே கொண்டுவந்த தோஷிதான் 1962இல் ஆர்க்கிடெக்சர் பள்ளியையும் தொடங்கினார். அதுவே பின்னாளில் செப்ட் ஆனது. ஆர்க்கிடெக்ட்களுக்கான மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசை 2018இல் வாங்கிய முதல் இந்தியரும் அவரே. இந்தப் பாடங்களை மற்ற கல்லூரிகளில் படத்தில் பார்ப்பார்கள். அங்கே படிக்கிற பிள்ளை மாலையில் நடந்து போய்ப் பார்க்கலாம்.

ஆனால் அதே ஊர் இந்தத் தொழிலின் கசப்பையும் மறைக்காமல் காட்டும். ஐ.ஐ.எம். மாணவர் விடுதிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். செங்கல் வளைவுகள், உலகம் முழுக்க மாணவர்கள் வரைந்து பழகும் கட்டடம். அதில் விரிசலும் நீர்க்கசிவும் வந்தன. 2001 பூகம்பமும் ஆட்டிப் பார்த்திருந்தது. 2020 டிசம்பரில் 18 விடுதிகளில் 14ஐ இடிக்கப் போவதாக நிர்வாகம் அறிவித்தது. பல நாடுகளிலிருந்து எதிர்ப்பு கிளம்பியதும் 2021 ஜனவரி முதல் நாளே பின்வாங்கியது. 2022 இறுதியில் இடித்துக் கட்டும் பேச்சு மறுபடி எழுந்தது. அதே வளாகத்தில் கானின் நூலகத்தை ஆர்க்கிடெக்ட் பிருந்தா சோமையாவின் குழு பழுதுபார்த்து மீட்டு, 2019இல் யுனெஸ்கோ விருது வாங்கியது. என்னைக் கேட்டால், உங்கள் மகள் காலத்தின் வேலை அந்த நூலகத்தில்தான் இருக்கிறது. வேகமாக வளரும் பழைய நகரங்களில் எதை வைத்துக்கொள்வது, எப்படிப் பழுது பார்ப்பது, பக்கத்தில் புதிதாக எதை எழுப்புவது என்று தெரிந்தவர்களின் தேவை கூடிக்கொண்டே போகும். பி.ஆர்க். என்ற இளநிலை ஆர்க்கிடெக்சர் படிப்பை முடித்துப் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்பில் முதுகலை படிக்கலாம். செப்ட்டிலும், டெல்லியில் எஸ்.பி.ஏ. எனப்படும் திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளியிலும் அந்தப் படிப்பு உண்டு.

இதே ஊரில் மொட்டேராவில் 1,32,000 பேர் உட்காரும் கிரிக்கெட் மைதானமும் இருக்கிறது. பிள்ளைகளின் கைப்பேசியில் ஓடுவதெல்லாம் அந்த மாதிரிப் படங்கள்தான். அப்படி ஒன்றை வரையும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒருவருக்குக்கூடக் கிடைக்காது. மற்றவர்கள் அடுக்குமாடி, மருத்துவமனை, பள்ளிக்கூடம் வரைவார்கள்; கழிவறைக் குழாய் எங்கே இறங்க வேண்டும் என்று கொத்தனாரோடு மல்லுக்கட்டுவார்கள். அதை இழிவாக நினைக்காதவள்தான் இந்தத் தொழிலில் நிலைப்பாள்.

பணம். ஒளித்துப் பேச மாட்டேன். ஐந்து வருடப் படிப்பு. முடித்ததும் கிடைக்கும் முதல் சம்பளம் பெரும்பாலும் ஐ.டி.க்குப் போன தோழியின் சம்பளத்துக்கு அருகில் வராது. பயிற்சிக் காலத்தில் சொற்பமே கொடுப்பது இந்தத் தொழிலின் பழைய வியாதி. தோஷியே பாரிசில் கொர்பூசியேயிடம் முதல் எட்டு மாதம் சம்பளமில்லாமல் வேலை பார்த்தவர். கான் 1974இல் அகமதாபாத்திலிருந்து திரும்பும் வழியில் நியூயார்க் ரயில் நிலையத்தில் இறந்தபோது அவர் அலுவலகம் கடனில் இருந்தது. பதிவு பெற்று, சொந்தமாக வாடிக்கையாளர் சேரும்வரை வீட்டார் கொஞ்சம் தாங்க வேண்டியிருக்கும். உங்களால் முடியுமா என்பதை இப்போதே கணக்குப் பாருங்கள். கல்விக் கடன் வாங்கி, வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே தவணை கட்டியாக வேண்டிய வீடு என்றால், செப்ட் கட்டணம் கழுத்தை இறுக்கும்.

அதனால் நான் சொல்வது இது. +2வில் கணிதமும் இயற்பியலும் கட்டாயம். ஆர்க்கிடெக்சர் சேர்க்கைக்கான நேட்டா நுழைவுத் தேர்வு எழுதட்டும். ஓவியமும் உண்டு, புத்திக்கூர்மைக் கேள்விகளும் உண்டு, ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை எழுதலாம். கூடவே ஜே.இ.இ. மெயினில் பி.ஆர்க். தாளையும் எழுதட்டும், திருச்சி என்.ஐ.டி.க்கு அதுதான் வழி. கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பள்ளி இருக்கிறது. கட்டணத்தில் செப்ட்டோடு ஒப்பிடவே முடியாது, நல்ல பெயரும் உண்டு. செப்ட்டைப் பட்டியலில் வையுங்கள், அதை மட்டும் வைக்காதீர்கள். எந்தக் கல்லூரியானாலும் கவுன்சில் அங்கீகாரம் இந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்று அதன் இணையதளத்தில் பார்த்த பிறகே முன்பணம் கட்டுங்கள்.

கோச்சிங்குக்குப் பணம் கட்டும் முன் ஒரு வேலை கொடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்து உங்கள் சமையலறையை அளந்து, வரைபடம் போடச் சொல்லுங்கள். ஜன்னல், மேடை உயரம், சிலிண்டர் இருக்கும் இடம் எல்லாம் வரட்டும். பிறகு, மதியம் அங்கே நின்று சமைக்கும் உங்களுக்கு எது சிரமம் என்று கேட்டு, அதை மாற்றி வரையட்டும். இரண்டு மணி நேரத்தில் சலித்துப் போய் மூடி வைத்தால் என்னிடம் வாருங்கள், வேறு படிப்புகளைப் பேசுவோம். சாப்பாட்டை மறந்து மூன்றாம் முறை அழித்து வரைந்தாள் என்றால், அந்தத் தாளோடு அவளையும் அவள் அப்பாவையும் சேர்த்துக் கூட்டி வாருங்கள்.