நித்தியகல்யாணி இலையை அரைத்துக் குடித்தால் புற்றுநோய் குணமாகுமா?

குடிக்காதீர்கள், அது விஷம். வீட்டு வாசலிலும் சுடுகாட்டு ஓரத்திலும் தானாக முளைத்து நிற்கும் அந்த ரோஸ் நிறப் பூச்செடியை ஆடு மாடுகூட மேயாது, கவனித்திருப்பீர்கள்.

ஆனால் கேள்வியில் விஷயம் இருக்கிறது. 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள் என்ற ஆய்வாளருக்கு ஜமைக்காவிலிருந்து இந்த இலை வந்தது. அங்கே சர்க்கரை நோய்க்கு இதைக் கொதிக்க வைத்துக் குடிப்பார்களாம். எலிக்கு வாய்வழியாகக் கொடுத்ததில் சர்க்கரை பெரிதாகக் குறையவில்லை. சரி, ஊசியில் ஏற்றிப் பார்ப்போம் என்று ஏற்றினால் எலிகள் செத்துப்போயின, காரணம் தேடியபோது ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரிந்திருந்தன. அப்படியானால் வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் ரத்தப் புற்றுநோய்க்கு? இந்தத் திசையில் போய்த்தான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து இந்தச் செடியிலிருந்து கிடைத்தது, அப்புறம் வின்கிறிஸ்டின்.

செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்க நூல் போன்ற நுண்குழாய்கள் உருவாகும். இந்த மருந்துகள் அந்தக் குழாய்கள் உருவாகவிடாமல் தடுக்கின்றன, செல் பாதியிலேயே நின்று சாகிறது. நல்ல செல்லையும் விடாது. வின்கிறிஸ்டினில் விரல் நுனி மரத்துப்போவது சகஜம்.

ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் வின்கிறிஸ்டின் கொடுக்கிறார்கள், ஆனால் மில்லிகிராம் கணக்கில், ரத்தக்குழாய் (சிரை) வழியாக மட்டும். அம்மியில் அரைத்த விழுதில் எத்தனை மில்லிகிராம் என்று யார் அளப்பது?