கல் இடுக்கில் பெரணி: தண்டை மண்ணுக்குள் புதைக்காதீர்கள்

கேள்வி: ஊட்டியில் எங்கள் வீட்டின் வடக்குப் பக்கம் நிழலான கல்மேடு இருக்கிறது. நர்சரியில் வாங்கிய சின்னப் பெரணிகளை அதில் வைத்தேன். தினமும் தண்ணீர் ஊற்றியும் நடுக்குருத்து கறுத்துப்போகிறது. இலைக்கு அடியில் பழுப்புப் புள்ளிகள் வேறு. மருந்து அடிக்கலாமா?

பதில்: மருந்து வேண்டாம். பெரணிக்குப் பூவோ விதையோ கிடையாது. அந்தப் புள்ளிகளில் இருக்கும் ஸ்போர் தூளால்தான் அது பரவுகிறது. புள்ளிகள் வரிசையாக, இலைக்கு இலை ஒரே மாதிரி இருந்தால் கவலையே வேண்டாம். கண்டபடி ஒட்டியிருந்து, நகத்தால் சுரண்டினால் பிசுபிசுவென்று வந்தால் அது செதில் பூச்சி. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தாலே போய்விடும்.

குருத்து கறுப்பதற்கு, நட்ட விதமும் தினசரித் தண்ணீரும்தான் காரணமாக இருக்கும். இலைகள் கிளம்பும் குட்டைத் தண்டு மண் மட்டத்திலேயே இருக்க வேண்டும்; வேர் மட்டும் உள்ளே போகட்டும். இடுக்கில் வைக்கும்போது செடியைப் படுத்தவாக்கில் செருகுங்கள். நிமிர்த்தி வைத்தால் குருத்தில் தண்ணீர் தேங்கி அழுகும். மட்கிய இலை, செம்மண், கல்பொடி மூன்றும் சமமாகக் கலந்தால் போதும், சாணி உரம் வேண்டாம். விரலால் தொட்டு, மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் விடுங்கள்.

எதை வைப்பது? கறுத்த கம்பிக் காம்புள்ள மெய்டன்ஹேர் வகைகளில், நம் பழைய கிணற்றுச் சுவர்களில் தானாக முளைப்பதையே கேட்டு வாங்குங்கள். அதற்குச் சுண்ணாம்பு பிடிக்கும். ஊட்டி மண்ணோ தேயிலைக்கு ஏற்ற அமில மண். அதனால் இடித்த பழைய கட்டடத்தின் சுண்ணாம்புக் காரைத் துண்டுகள் கிடைத்தால் வேருக்குப் பக்கத்தில் செருகிவிடுங்கள். மேட்டின் உச்சியில், கொஞ்சம் வெளிச்சமான இடத்தில் வெள்ளிப் பெரணி நன்றாக வரும். இலையின் அடியில் வெள்ளைப் பொடி இருக்கும். பிள்ளைகள் கையில் அழுத்தி அச்சுப் பதிப்பார்களே, அதுதான். வெயிலில் சுருண்டுகொண்டால் செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள், மழைக்கு விரிந்துவிடும். நெஃப்ரோலெபிஸ் என்ற பெரணியை மட்டும் கல்மேட்டில் விடாதீர்கள். ஓடுகொடி விட்டு எல்லா இடுக்கையும் பிடித்துக்கொள்ளும், அப்புறம் அதைப் பிடுங்குவதே வேலையாகிவிடும்.

வடக்குப் பக்கம் என்றால் எப்போதும் நிழல் என்று நம்பிவிடாதீர்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை நமக்கு உச்சிவெயிலே வடக்குப் பக்கமாகச் சாய்ந்துதான் விழுகிறது. ஜூனில் மேகம் காப்பாற்றும். மே மாதத்தில் மட்டும் நிழல்வலை கட்டுங்கள். புதுச்செடிகளைத் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் நடுங்கள், உறைபனிக்குள் வேர் பிடித்துவிடும். டிசம்பர், ஜனவரியில் கருகும் இலைகளை உடனே வெட்ட வேண்டாம். அவை குருத்தின் மேல் போர்வையாகக் கிடக்கட்டும். பனி முடிந்து புதுச்சுருள் தெரிந்ததும் வெட்டலாம்.

சோலைக்காட்டிலிருந்து பிடுங்கி வர நினைக்காதீர்கள். காப்புக்காட்டில் அது குற்றம். நர்சரிச் செடியே போதும்.