ஆயிரம் பாகங்கள் உள்ள டாங்கி

வணக்கம் ஐயா,

ஸ்கேல் மாடல்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து ஆசை வந்து, மினிஆர்ட் நிறுவனத்தின் டி-34/85 என்ற சோவியத் டாங்கியின் கிட் (பாகங்களை ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் மாடல்) ஒன்றை இணையத்தில் வாங்கினேன். 1/35 அளவு, அதாவது அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு, உட்புறத்தோடு சேர்த்து. பெட்டியைத் திறந்தால் ஆயிரத்துக்கும் மேல் பாகங்கள். போதாததற்கு நுண்ணிய பாகங்களுக்கென்று பித்தளைத் தகடு வேறு. பயந்துபோய் மூடி வைத்துவிட்டேன். அதற்குள் தள்ளுபடி விலையில் இன்னும் இரண்டு கிட் வாங்கியாயிற்று. எதிலிருந்து தொடங்குவது? காற்றால் பெயின்ட் தூவும் ஏர்பிரஷ், அதற்குக் கம்ப்ரஸர் எல்லாம் வாங்கினால்தான் ஒழுங்காக வருமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். பத்தாவது படிக்கும் என் மகள், “ஆளைக் கொல்லுற வண்டியை எதுக்குப்பா இவ்வளவு ரசிக்கிறீங்க?” என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அன்புடன்,
ர., கோவை

அன்புள்ள ர.,

அந்தப் பெட்டியை விற்றுவிட வேண்டாம். டி-34ஐப் பிடித்திருக்கிறது என்பது நல்ல தொடக்கம். அந்த கிட் மட்டும் உங்களுக்கு மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வந்திருக்க வேண்டும். இப்போதைக்கு அது அலமாரியில் இருக்கட்டும். தள்ளுபடியில் வாங்கிய இரண்டும் அதன் பக்கத்திலேயே இருக்கட்டும். ஒன்றைக் கட்டி முடிக்கும்வரை அடுத்ததை வாங்காதீர்கள். வாங்குவதில் ஒரு சுகம் இருக்கிறது, அதுவே பழகிவிட்டால் கட்டும் சுகம் கைக்கு வராமலே போய்விடும்.

முதலில் டமியாவின் டி-34/76 வாங்குங்கள், உங்கள் 85க்கு முந்தைய வகை. அதன் பிளாஸ்டிக்கை வார்க்கும் அச்சு 1970களின் நடுவில் வந்தது, இன்றும் விற்கிறார்கள். பாகங்கள் குறைவு, ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தும். ஜப்பானின் ஷிசுவோக்காவில் மர வியாபாரமாகத் தொடங்கிய அந்த நிறுவனம், 1960களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பாந்தர் டாங்கியை மோட்டார் வைத்து ஓடும் மாடலாகச் செய்தது. உள்ளே பேட்டரி அடங்க வேண்டும் என்று அளவை வைத்தார்கள். பிறகு கணக்குப் பார்த்தால் அது ஏறக்குறைய 1/35 வந்தது. இன்று உலகம் முழுக்க ராணுவ வாகன மாடல்களுக்கு அதுதான் பொது அளவு. மேசையில் இடமில்லை என்றால் ஸ்வெஸ்டாவின் 1/72 கிட் நல்லது. பசை இல்லாமலே சேரும், முடித்தால் உள்ளங்கையில் அடங்கிவிடும்.

வாங்கும்போது ஒரே ஒரு எச்சரிக்கை. பெட்டியின் மேல் உள்ள படத்தையும் நிறுவனத்தின் பெயரையும் நம்பி முடிவெடுக்காதீர்கள். பழைய அச்சில் வார்த்ததைப் புதுப் பெட்டியில், சில சமயம் வேறு நிறுவனத்தின் பெயரில் விற்பது இந்தத் தொழிலில் சாதாரணம். ஸ்கேல்மேட்ஸ் தளத்தில் தேடினால் ஒரு கிட்டின் அச்சு எந்த ஆண்டுடையது, எந்தெந்தப் பெட்டிகளில் வந்திருக்கிறது என்ற வரலாறு கிடைக்கும். பழைய அச்சு என்பதாலேயே மோசம் என்று அர்த்தமில்லை. என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏன் டி-34 என்றால், ஒரு நாடு தவித்த தவிப்பு முழுவதும் அந்த வண்டியின் உடம்பில் எழுதியிருக்கிறது. 1941இல் ஜெர்மன் படை நெருங்கி வந்தபோது கார்கிவில் இருந்த தொழிற்சாலையைக் கழற்றி ரயிலில் ஏற்றி யூரல் பகுதியின் நீஷ்னி தகீலுக்குக் கொண்டுபோனார்கள். ஸ்டாலின்கிராட் டிராக்டர் தொழிற்சாலையோ 1942இல் சண்டை அதன் வாசலுக்கே வரும்வரை டாங்கி செய்துகொண்டிருந்தது. ரப்பர் தட்டுப்பாடு வந்ததும் சக்கரத்தின் வெளிவிளிம்பில் இருந்த ரப்பரை எடுத்துவிட்டு இரும்பு விளிம்போடு ஓட்டினார்கள். ஆனால் இரும்புச் சக்கரம் வேகமாகப் போகும்போது சத்தமும் அதிர்வும் தாங்க முடியவில்லை. அதனால் முதல் சக்கரத்துக்கும் ஐந்தாவதுக்கும் மட்டும் ரப்பர், நடுவில் மூன்றுக்கும் இரும்பு என்று ஒரு ஏற்பாடு வந்தது. பழைய போர்ப் படங்களில் ஒரே பக்கத்தில் இரண்டு வகைச் சக்கரம் ஓடுவதைப் பார்க்கலாம். காரணம் தெரிந்தபின் அந்தச் சக்கரங்களை ஒட்டும்போது கை தானாகவே நிதானமாகிவிடும். எனக்கு இந்தக் கலையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பெயின்ட் அடிப்பதற்கு முன் செய்யும் வேலை ஒன்றிலும் இதே விஷயம் உண்டு. அந்த டாங்கியின் பீரங்கி பொருத்திய கோபுரங்களில் பல வார்ப்பு எஃகு, அவசரத்தில் வார்த்தது, மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும். பிளாஸ்டிக்கில் அது வழவழவென்று வரும். இடுக்கு அடைக்கும் மாடல் புட்டியைத் திரவப் பசையில் கரைத்து, பழைய முரட்டு பிரஷ்ஷால் கோபுரத்தின் மேல் குத்திக் குத்தி வையுங்கள். காய்ந்தபின் லேசாகத் தேய்த்தால் வார்ப்பு போலவே இருக்கும். உடற்பகுதியில் இதைச் செய்யாதீர்கள். அது உருட்டிய தகட்டை வெல்டிங் செய்து கட்டியது, வழவழப்பாகத்தான் இருக்க வேண்டும். நிறைய பேர் வண்டி முழுக்கச் சொரசொரப்பாக்கிவிடுகிறார்கள்.

கருவிகள் விஷயம் சுருக்கம்தான். பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்ட நல்ல நிப்பர் ஒன்று, கூர்மையான கத்தி, உப்புத்தாள், மெல்லிய திரவப் பசை. இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இடுக்கில் பிரஷ்ஷின் நுனியால் தொட்டால் போதும், பசை தானாக உள்ளே ஓடிப் பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றாக்கிவிடும். பித்தளைப் பாகங்களுக்கு அது பிடிக்காது, சூப்பர் க்ளூ வேண்டும். சக்கரங்களை ஒட்டியதும் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து எல்லாம் தரையில் படுகிறதா என்று பாருங்கள். பசை இறுகுமுன் சரி செய்தால்தான் உண்டு.

உங்கள் மகள் கேட்டது சரியான கேள்வி. தட்டிக் கழிக்காதீர்கள். பெரிய கிட்டைக் கட்டும் நாள் வரும்போது, மேல்தகட்டை ஒட்டுவதற்கு முன் அவளைக் கூப்பிட்டு உள்ளே காட்டுங்கள். குண்டுகளில் பெரும்பகுதி தரையிலுள்ள பெட்டிகளில் இருக்கும், பீரங்கியில் குண்டு திணிக்கிறவன் அதன் மேல்தான் நிற்க வேண்டும். டீசல் தொட்டிகள் ஆட்கள் இருக்கும் அறையின் பக்கச் சுவரை ஒட்டியே இருக்கின்றன. அந்த இடைவெளிக்குள் ஐந்து பேர். முந்தைய டி-34/76இல் கோபுரத்தில் இரண்டே பேர்தான், கமாண்டரே குறிபார்த்துச் சுடவும் வேண்டும், வெளியே என்ன நடக்கிறது என்று பார்க்கவும் வேண்டும். 1944இல் வந்த 85இல்தான் கோபுரத்தில் மூன்றாவது ஆளுக்கு இடம் கிடைத்தது. அந்தச் சிறிய பெட்டிக்குள் இருந்தவர்களில் பலர் அவளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர்கள். நாம் ரசிப்பது கொலையை என்றால் அவள் கேட்டது குற்றச்சாட்டுதான். நான் இந்த வண்டிகளைக் கட்டுவது உள்ளே இருந்தவர்களையும் எதிரே நின்றவர்களையும் மறக்காமல் இருக்க. இதையே அவளிடம் சொல்லுங்கள். அவள் ஒத்துக்கொள்ளாமலும் போகலாம், அதுவும் நியாயம்தான்.

ஏர்பிரஷ் இப்போது வேண்டாம். பிரைமருக்கு, அதாவது அடிப்பூச்சுக்கு, ஸ்ப்ரே கேன் வாங்குங்கள். அதன்பின் அக்ரிலிக் பெயின்ட்டைத் தண்ணீராக்கி, அகலமான மெல்லிய பிரஷ்ஷால் இரண்டு மூன்று தடவை, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்தபிறகு. டி-34க்கு ஒரே பச்சைதான், கைப் பிரஷ்ஷுக்கு இதைவிட வசதியான வண்டி கிடையாது. எண்ணும் சின்னமும் உள்ள டீக்கால் ஒட்டுவதற்கு முன் அந்த இடத்தில் பளபளப்பு வார்னிஷ் பூசுங்கள், இல்லாவிட்டால் அடியில் காற்று தங்கி வெள்ளி போல் மின்னும். கடைசியில் அடிக்கும் பளபளப்பில்லாத மேட் வார்னிஷை மழை நாளில் அடிக்காதீர்கள். காற்றில் ஈரம் இருந்தால் வண்டி முழுக்கப் பால் பூத்ததுபோல் வெளுத்துவிடும். ஜன்னலைத் திறந்துவைத்து, முகமூடி போட்டு, வெயில் நன்றாக அடிக்கும் ஒரு காலையில் அடியுங்கள்.