நான்கு சுவிசேஷங்களையும் ஒரே கதையாகச் சேர்க்க வேண்டுமா?

வாசகர் கேள்வி: எங்கள் ஜெபக்குழுவில் பரிசுத்த வாரத் தியானத்தை நடத்தும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். இயேசுவின் கடைசி நாட்களையும் உயிர்த்தெழுதலையும் நான்கு சுவிசேஷங்களிலிருந்தும் எடுத்து, நேர வரிசைப்படி ஒரே கதையாக எழுதிக்கொண்டு வந்தேன். சிலுவை வரை ஓரளவு பொருந்தியது. கல்லறைக்கு வந்ததும் நின்றுவிட்டேன். போன பெண்கள் எத்தனை பேர்? தூதர் ஒருவரா, இருவரா? சீஷர்கள் அவரைக் கண்டது கலிலேயாவிலா, எருசலேமிலா? குழுவில் யாராவது கேட்டால் என்ன சொல்வது?

பதில்: நீங்கள் செய்து பார்த்ததை ஏறக்குறைய கி.பி. 170-லேயே தாத்தியான் என்பவர் செய்து முடித்துவிட்டார். நான்கு சுவிசேஷங்களையும் பின்னி ஒரே வரலாறாக ஆக்கினார். சிரியாவின் சபைகள் பல தலைமுறைகளாக அதையே ஆராதனையில் வாசித்தன. ஐந்தாம் நூற்றாண்டில் சிர்ரஸ் நகரப் பேராயர் தியோதரேத் அந்த நூலின் 200-க்கும் மேற்பட்ட பிரதிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அவற்றின் இடத்தில் நான்கு சுவிசேஷங்களை வைத்ததாக எழுதியிருக்கிறார். வம்ச வரலாறு போன்ற பகுதிகள் அதில் வெட்டப்பட்டிருந்தன என்பது அவருடைய குறை. ஒன்றாக்கினால் வசதிதான். ஆனாலும் திருச்சபை நான்கையும் நான்காகவே வைத்துக்கொண்டது. கத்தோலிக்கத் திருச்சபை இன்றும் குருத்து ஞாயிறில் மத்தேயு, மாற்கு, லூக்காவின் பாடுகளை ஆண்டுக்கு ஒன்றாகச் சுழற்றி வாசிக்கிறது. பெரிய வெள்ளியன்று எப்போதும் யோவான். நான்கையும் கலந்து வாசிப்பதில்லை.

என் ஆலோசனையும் அதுதான். சேர்க்காதீர்கள். ஒரு சுவிசேஷத்தை எடுத்து, அதன் போக்கிலேயே முழுவதும் வாசியுங்கள்.

சேர்ப்பதால் என்ன போய்விடுகிறது என்று சிலுவையிலேயே பார்க்கலாம். ஏழு வார்த்தைகள் என்று நாம் வரிசையாகத் தியானிக்கிறோமே, அவற்றில் மூன்று லூக்காவில் மட்டும் இருக்கின்றன, மூன்று யோவானில் மட்டும். மாற்குவிலும் மத்தேயுவிலும் இருப்பது ஒரே ஒரு வார்த்தை: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" மாற்கு அந்த இடத்துக்கு நம்மை எப்படிக் கூட்டிவருகிறார் என்று கவனியுங்கள். கெத்செமனேயில் மூன்று பேர் தூங்குகிறார்கள். கைது செய்யும்போது எல்லோரும் ஓடுகிறார்கள். ஒரு வாலிபன் போர்த்தியிருந்த துணியையும் விட்டுவிட்டு நிர்வாணமாக ஓடுகிறான். பேதுரு மறுதலிக்கிறார். கூடச் சிலுவையில் அறையப்பட்ட இருவரும் நிந்திக்கிறார்கள். அப்புறம் மூன்று மணி நேர இருள், அந்தக் கூக்குரல், மரணம். ஆறுதலாக ஒரு சொல்லும் இல்லை. அந்த மரணத்தைப் பார்த்து நின்ற ரோம நூற்றுக்கு அதிபதிதான், இவர் மெய்யாகவே தேவனுடைய குமாரன் என்கிறார்.

லூக்காவின் இயேசு கடைசி மூச்சு வரை மற்றவர்களைக் கவனித்துக்கொண்டே போகிறார். வெட்டுண்ட காதைக் குணமாக்குகிறார், மறுதலித்த பேதுருவைத் திரும்பிப் பார்க்கிறார், அழுகிற பெண்களிடம் பேசுகிறார், பக்கத்துச் சிலுவையில் இருந்தவனுக்குப் பரதீசை வாக்களிக்கிறார், பிதாவின் கைகளில் தம் ஆவியை ஒப்புவிக்கிறார். யோவானிலோ கைது செய்ய வந்தவர்கள்தான் பின்வாங்கித் தரையில் விழுகிறார்கள். அங்கே அவர் தம் சிலுவையைத் தாமே சுமந்து போகிறார். சிரேனே ஊரானாகிய சீமோன் யோவானில் வருவதே இல்லை. "முடிந்தது" என்று சொல்லித் தலை சாய்க்கிறார்.

இவற்றை ஒன்றாகக் கலந்தால் மாற்குவின் கூக்குரலுக்கு அடுத்த வரியிலேயே லூக்காவின் ஆறுதல் வந்து அதை மூடிவிடும். தேவன் என்னைக் கைவிட்டுவிட்டாரோ என்ற நினைப்போடு உங்கள் குழுவில் யாராவது உட்கார்ந்திருக்கலாம். அவருக்கு மாற்குவின் இயேசு வேண்டும். அந்தக் கூக்குரல் 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி என்பதும், அந்தச் சங்கீதம் துதியில் முடிகிறது என்பதும் உண்மைதான். அதைச் சொல்லலாம். ஆனால் உடனே சொல்லிவிடாதீர்கள். முதல் வரியிலேயே சற்று நேரம் இருக்க விடுங்கள்.

கடைசி இராப்போஜனம் யூதர்களின் பஸ்காப் பண்டிகை விருந்தா என்ற கேள்வியும் வரும். முதல் மூன்று சுவிசேஷங்கள் ஆம் என்கின்றன. யோவானில் இயேசு மரிப்பது பஸ்காவுக்கு ஆயத்த நாளில், அதாவது அந்த விருந்துக்கு முன்பே. இதற்குப் பல விளக்கங்கள் உண்டு, ஆனால் ஒருமித்த முடிவு கிடையாது. அவர் மரித்த ஆண்டு எது என்றும் கேட்பார்கள். அவரைச் சிலுவைக்கு ஒப்புக்கொடுத்த ரோம ஆளுநர் பிலாத்து யூதேயாவை ஆண்டது கி.பி. 26 முதல் 36 வரை. அவர் பெயர் பொறித்த கல் 1961-இல் செசரியாவில் கிடைத்தது. அந்தப் பத்து ஆண்டுகளுக்குள் கி.பி. 30 அல்லது 33 என்பதே பெரும்பாலோர் கருத்து. தியானத்தில் இதற்கு மேல் இதற்கு நேரம் கொடுக்க வேண்டாம்.

சரி, கல்லறைக்கு வருவோம். மாற்கு மூன்று பெண்களின் பெயரைச் சொல்கிறார், மத்தேயு இருவரை. லூக்கா மூன்று பெயர்களைச் சொல்லி, வேறு சிலரும் இருந்தார்கள் என்கிறார். யோவானில் மகதலேனா மரியாள் மட்டும்தான். ஆனால் அவளும் பேதுருவிடம் ஓடிவந்து, அவரை எங்கே வைத்தார்களோ "அறியோம்" என்று பன்மையில் சொல்கிறாள். ஆகவே பெண்களின் எண்ணிக்கை அவ்வளவு பெரிய சிக்கல் இல்லை. மற்ற இரண்டும் அப்படிச் சுலபமாகத் தீராது. மாற்குவில் வெள்ளங்கி தரித்த ஒரு வாலிபன், மத்தேயுவில் கல்லின்மேல் உட்கார்ந்த ஒரு தூதன், லூக்காவில் இருவர், யோவானிலும் இருவர். மத்தேயுவில் சீஷர்கள் கலிலேயாவுக்குப் போய் அவரைக் காண்கிறார்கள். லூக்காவிலோ எருசலேமிலேயே தங்கியிருக்கச் சொல்கிறார். யோவானில் இரண்டு இடங்களும் வருகின்றன. கேட்பவரிடம் இதை இப்படியே சொல்லுங்கள். வலிந்து பொருத்திக் காட்டினால், கவனமாக வாசிக்கிற ஓர் இளைஞன் அடுத்த வாரமே அதில் ஓட்டையைக் கண்டுபிடிப்பான். பிறகு நீங்கள் சொல்லும் மற்றவற்றையும் சந்தேகிப்பான்.

அதோடு, நான்கும் எங்கே ஒத்துப்போகின்றன என்பதையும் காட்டுங்கள். வாரத்தின் முதல் நாள், திறந்து கிடந்த கல்லறை, முதலில் வந்த மகதலேனா மரியாள். உயிர்த்தெழுந்த அந்தக் கணத்தை நால்வரில் ஒருவரும் வருணிக்கவில்லை என்பதும் இதில் சேரும். யாரும் அதைக் கண்டதாகச் சொல்லவில்லை, நால்வரும் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறார்கள். எதிர்பார்த்து வந்தவர்களும் இல்லை. பெண்கள் சுகந்தவர்க்கங்களோடு வந்தது இறந்த உடலுக்காக. அவர்கள் சொன்னது அப்போஸ்தலர்களுக்கு வீண்பேச்சாகப் பட்டது என்று லூக்கா ஒளிக்காமல் எழுதுகிறார். மலையின்மேல் அவரைப் பணிந்துகொண்டபோதும் சிலர் சந்தேகப்பட்டார்கள் என்று மத்தேயு எழுதுகிறார்.

பெண்கள் முதல் சாட்சிகளாக நிற்பதை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். அதே நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ், பெண்களின் சாட்சியை ஏற்கக் கூடாது என்பதை மோசேயின் சட்டமாகவே எழுதிவைத்திருக்கிறார். ஏறக்குறைய கி.பி. 55-இல் கொரிந்தியருக்கு எழுதிய பவுலும் தம் சாட்சிகளின் பட்டியலில் கேபா (பேதுரு), பன்னிருவர், ஐந்நூறு பேருக்கு மேற்பட்ட சகோதரர், யாக்கோபு என்று சொல்கிறாரே தவிர, ஒரு பெண்ணின் பெயரையும் சொல்லவில்லை. பிறரை நம்பவைக்கக் கதை கட்டுகிறவர் மகதலேனா மரியாளிடமிருந்து தொடங்கியிருக்க மாட்டார்.

மாற்குவின் முடிவுக்கு ஒரு மாலையை முழுதாகக் கொடுங்கள். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகளில் இந்தச் சுவிசேஷம் 16:8-உடன் நிற்கிறது. அதற்குப் பின்வரும் வசனங்களைப் பல வேதாகமங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பது அதனால்தான். நீங்களும் எட்டாம் வசனத்தில் நிறுத்துங்கள். பெண்கள் நடுங்கி ஓடுகிறார்கள், பயத்தினால் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான். அப்படியானால் செய்தி நம் வரைக்கும் எப்படி வந்தது என்று குழுவிடம் கேளுங்கள். அப்புறம் ஒரு வசனம் பின்னால் போய், சீஷர்களிடமும் "பேதுருவிடமும்" சொல்லுங்கள் என்று அந்த வாலிபன் பேதுருவின் பெயரைத் தனியாகச் சொல்வதைக் காட்டுங்கள். மாற்குவில் பேதுருவை நாம் கடைசியாகப் பார்த்தது மறுதலித்துவிட்டு அழுதபோது. பெயர் சொல்லி அழைக்கப்படாவிட்டால் அவர் வந்திருப்பாரா?

நடைமுறைக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். வியாழன் இரவு மாற்கு 14, வெள்ளி மாற்கு 15. இரண்டையும் நிறுத்தாமல் உரக்க வாசியுங்கள், நடுவில் விளக்கம் வேண்டாம். சனிக்கிழமை ஒன்றும் வேண்டாம், அன்று அவர்களும் ஓய்ந்திருந்தார்கள். ஞாயிறு மாற்கு 16:1–8. அடுத்த வாரத்தில் லூக்காவின் எம்மாவு வழியையும் யோவான் 20-ஐயும் எடுங்கள். இரண்டிலும் அவரை முதலில் அடையாளம் தெரிவதில்லை. ஒருத்தி தோட்டக்காரர் என்று நினைக்கிறாள், இரண்டு பேர் கூடவே நடந்தும் அறியாமலிருக்கிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடும்போதும் அப்பம் பிட்கும்போதும்தான் தெரிகிறது. நீங்கள் விளக்குவதைவிட, அவரை எதில் அடையாளம் கண்டார்கள் என்று குழுவே தேடிச் சொல்லட்டும்.

யோவான் 21-ஐ 20-உடன் சேர்த்து ஒரே நாளில் முடித்துவிடாதீர்கள். கடற்கரையில் கரிநெருப்பு மூட்டப்பட்டிருக்கிறது. பேதுரு குளிர்காய்ந்துகொண்டே மறுதலித்ததும் கரிநெருப்பின் அருகில்தான் என்று யோவான் 18:18 சொல்கிறது. இந்த இரண்டு வசனங்களையும் அடுத்தடுத்து வாசித்துவிட்டு, மூன்று முறை மறுதலித்தவரிடம் மூன்று முறை கேட்கப்படுகிற, என்னை நேசிக்கிறாயா என்ற கேள்விக்குப் போங்கள். அதற்கு மட்டும் ஒரு மணி நேரம் வேண்டும்.