கன்ஸ்லிங்கர் கேர்ள் – ஒரு கடிதம்

வணக்கம் சார்,

கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகன் சொல்லி ‘கன்ஸ்லிங்கர் கேர்ள்’ என்ற அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்) பார்க்க ஆரம்பித்தேன். நான்கு எபிசோடு ஆயிற்று. சாகக் கிடந்த சிறுமிகளுக்கு இயந்திர உடம்பு கொடுத்து, மருந்தால் மனதையும் மாற்றி, அரசாங்கமே கொலையாளி ஆக்குகிறது. இந்த வயதுக் குழந்தைகள் கையில் துப்பாக்கியைக் கொடுத்து அழகு பார்ப்பது எனக்கு அருவருப்பாக இருக்கிறது. ஒவ்வொரு சிறுமிக்கும் பொறுப்பாகப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர்களில் ஜோசே ஒருவர்தான் ஆறுதல், தன் பொறுப்பிலுள்ள ஹென்ரியெட்டாவைச் சொந்தத் தங்கை போல நடத்துகிறார். தன்னிடம் விட்ட ரிகோவை வெறும் கருவியாக நினைக்கும் ஜானைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. மேற்கொண்டு பார்க்கலாமா? ஒன்பதாவது படிக்கும் என் மகளும் கேட்கிறாள்.

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

உங்கள் அருவருப்பு நியாயமானதுதான். இந்த அனிமேவுக்கு மூலம் ஒரு மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை. யூ ஐடா அதைத் தொடங்கியது 2002-இல். பெரிய கண்ணும் சின்ன உருவமுமாகச் சிறுமிகளை வரைந்தால் வாங்குவதற்கென்றே ஜப்பானில் ஒரு கூட்டம் இருந்தது, இவரும் அந்தக் கூட்டத்துக்குத்தான் கடை விரித்தார். வயலின் பெட்டியைத் திறந்தால் உள்ளே பி90 துப்பாக்கி என்பதெல்லாம் அவர்களுக்காக வைத்தது. ஆனால் மொரியோ அசாகா இயக்கத்தில் மாட்ஹவுஸ் ஸ்டூடியோ 2003-இல் எடுத்த 13 எபிசோடுகள் அந்த ரசிகனை அதிகம் கண்டுகொள்வதில்லை. சண்டை வந்த வேகத்தில் முடிந்துவிடுகிறது. மிச்சமெல்லாம் விடுதி அறை, டீ, கேக், பேச்சு.

நான் உங்களோடு ஒத்துப்போகாத இடம் ஜோசே. என் கணக்கில் அங்கே அதிகம் கெடுதல் செய்பவர் அவர்தான். முதல் எபிசோடை நினைத்துப் பாருங்கள். எதிராளி ஜோசே மேல் கை வைத்ததும் ஹென்ரியெட்டா வெறிபிடித்தாற்போல எல்லோரையும் சுட்டுத் தள்ளுகிறாள், பிறகு காரியத்தைக் கெடுத்துவிட்டேனே, ஜோசே என்னை வெறுத்துவிடுவாரோ என்று தவிக்கிறாள். செத்தவர்களைப் பற்றி ஒரு நினைப்பும் இல்லை. அந்தத் தவிப்பு எங்கிருந்து வந்தது? மருந்திலிருந்து பாதி, ஜோசே வாங்கித்தரும் பரிசுகளிலிருந்து பாதி. எது எவ்வளவு என்று அவளாலும் சொல்ல முடியாது, அவராலும் சொல்ல முடியாது, அது தெரிந்தும் அவர் பரிசு வாங்குவதை நிறுத்துவதில்லை, ஏனென்றால் அந்தக் கனிவு அவருக்கே வேண்டியிருக்கிறது, குற்ற உணர்ச்சியோடு வேலைக்குப் போய்வர அது உதவுகிறது. ஜான் மோசமான ஆள், சரி. ஆனால் ரிகோவிடம் அவன் பொய் சொல்வதில்லை. பிறந்ததிலிருந்து கையும் காலும் அசையாமல் படுக்கையில் கிடந்தவள் அவள். காலையில் கண் விழித்ததும் உடம்பு அசைகிறதா என்று பார்ப்பதே அவளுக்குச் சந்தோஷம். ஓட்டலில் வேலை பார்க்கும், அவளிடம் சிநேகமாகப் பேசிய பையன் ஒருவன் பார்க்கக் கூடாத நேரத்தில் எதிரே வந்து நிற்கிறான், “மன்னிச்சுக்கோ” என்று சொல்லிவிட்டுச் சுடுகிறாளே, அந்தக் குரலில் ஒரு நடுக்கமாவது இருந்ததா?

இனி வரும் கதையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது, வேண்டாமென்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். எல்சா என்று ஒருத்தி வருவாள். அவளுக்குப் பொறுப்பான லாவ்ரோவுக்கு அவள் மேல் அக்கறையே கிடையாது, ஆனால் அவளுக்கு ஏற்றிய மருந்து என்னவோ மற்றவர்களுக்கு ஏற்றியதுதான். ஒரு நாள் இருவரும் பிணமாகக் கிடக்கிறார்கள். என்ன நடந்திருக்கும் என்று பெரியவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, ஹென்ரியெட்டாவுக்குத்தான் புரிகிறது. துப்பாக்கியைத் தன் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் காட்டுகிறாள், அந்த உடம்பில் குண்டு துளைக்கும் இடம் கண்தான். அப்புறம் க்ளாயெஸ். அவளுக்குப் பொறுப்பான ரபால்லோ செத்ததும் அவரைப் பற்றிய நினைவையே அழித்துவிடுகிறார்கள். கண்ணாடி போட்டிருக்கும்போது சாதுவாக இருக்க வேண்டும் என்று அவர் வாங்கிய சத்தியம் மட்டும் எப்படியோ தங்கிவிடுகிறது. பார்வையில் ஒரு குறையும் இல்லாத அந்தப் பெண், யார் கொடுத்தது என்றே தெரியாமல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தோட்டத்தில் காய்கறிச் செடிகளைப் பராமரிக்கிறாள்.

மருந்து இருப்பதால்தான் இப்படி என்றும் நினைக்க வேண்டாம். அரசாங்கத்துக்கு எதிரான குண்டு வைக்கும் கூட்டத்தின் பக்கம் பினோக்கியோ என்ற இளைஞன் இருக்கிறான். அவனைச் சின்ன வயதில் மீட்டு வளர்த்தவர் கிறிஸ்தியானோ. அவனுக்கு யாரும் எந்த ஊசியும் போடவில்லை, நன்றிக்கடனாகவே கொலை செய்கிறான்.

கதை இத்தாலியில் நடப்பது ஏன் என்றால், அந்தக் கூட்டம் கேட்கும் ‘பதானியா’ என்ற வடக்கு இத்தாலியத் தனி நாடு வெறும் கற்பனை இல்லை. வடக்கைத் தனி நாடாக்க வேண்டும் என்ற வடக்கு லீக் கட்சியின் தலைவர் உம்பெர்த்தோ போஸ்ஸி 1996 செப்டம்பரில் வெனிஸில் அதன் சுதந்திரத்தையே அறிவித்தார். குண்டுவெடிப்பும் அந்த நாட்டுக்குப் புதிதல்ல, 1980 ஆகஸ்ட் 2-ஆம் தேதி போலோன்யா ரயில் நிலையத்தில் மட்டும் 85 பேர் செத்தார்கள். போஸ்ஸியின் கட்சி ஓட்டு வாங்கிய கட்சி, ஐடாவின் பதானியாக்காரர்கள் குண்டு வைக்கிறார்கள், வித்தியாசம் அதுதான்.

பாருங்கள், 13-ஐயும் பாருங்கள். மகளுக்கு இப்போது வேண்டாம். குடும்பமே கொல்லப்பட்ட இரவில் ஹென்ரியெட்டாவுக்கு நடந்தது பேச்சில்தான் வருகிறது என்றாலும், ஒன்பதாவது படிக்கும் பெண் அதைத் தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டியதில்லை, ப்ளஸ் டூ முடிக்கட்டும். 2008-இல் வேறு ஸ்டூடியோ எடுத்த இரண்டாம் சீசனை விட்டுவிட்டால் நஷ்டமில்லை, பினோக்கியோ கதை மாங்காவிலேயே இருக்கிறது. மொத்தம் 15 தொகுதி, 2012-இல் முடிந்தது.