சோலார், பேட்டரி, விறகு அடுப்பு: இந்த வாரக் கேள்விகள்

கேள்வி: மேடம், எங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல அடிக்கடி கரண்ட் கட். தடுப்பூசி கெட்டுப் போகாதா? சோலார் போட்டா சரியாகுமா?

நியாயமான பயம்தான். பெரும்பாலான தடுப்பூசிய 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள வெச்சாகணும், சூடு மட்டும் இல்ல, உறைஞ்சு போனாலும் பென்டாவேலன்ட் (அஞ்சு நோய்க்கு ஒரே ஊசி), ஹெபடைட்டிஸ் பி எல்லாம் வீண். இதுக்குன்னே பேட்டரி இல்லாத சோலார் ஃப்ரிட்ஜ் இருக்கு, பகல் வெயில்ல உள்ள ஐஸ் கட்டி வெச்சுக்கும், ராத்திரிக்கு அந்தக் குளிர்ச்சியே தாங்கும். தடுப்பூசி ஸ்டாக்கையும் குளிர்ச்சியையும் கண்காணிக்கற அரசோட ஈ-வின் திட்டத்துல ஃப்ரிட்ஜுக்குள்ள சென்சார் வெச்சு, சூடு ஏறுனா ஊழியர் போனுக்கு எஸ்எம்எஸ் போகுது. ரெண்டும் சேர்ந்து வேணும், கரண்டே இல்லாத இடத்துல வெறும் மெசேஜ் வந்து என்ன பண்றது?

கேள்வி: வீட்டு சோலாருக்கு பேட்டரி போட்டிருக்கோம். பழசை காயலான் கடையில போடலாமா?

தயவுசெஞ்சு வேணாம். பேட்டரி வீட்ல இருக்கறவரைக்கும் பிரச்னை இல்ல, லெட்-ஆசிட் பேட்டரிய கண்ட இடத்துல உடைச்சு ஈயத்தை உருக்கறாங்க பாருங்க, அங்கதான் விஷமே. செனகல்ல டக்கார் பக்கம் தியாரோய் சுர் மேர்னு ஒரு ஊர், 2007 நவம்பர்ல இருந்து 2008 மார்ச்சுக்குள்ள 18 குழந்தைங்க செத்துப் போச்சு, பழைய பேட்டரில ஈயம் எடுத்ததுல மண்ணு, தூசி எல்லாமே விஷமாகிடுச்சு. யுனிசெஃப் 2020ல சொன்ன கணக்குல உலகத்துல மூணு குழந்தைல ஒண்ணுக்கு ரத்தத்துல ஈயம் டெசிலிட்டருக்கு (100 மில்லிக்கு) 5 மைக்ரோகிராமோ அதுக்கு மேலயோ இருக்கு. பெரியவங்கள விட குழந்தை உடம்பு 4, 5 மடங்கு ஈயத்தை உறிஞ்சும், மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பு திரும்ப சரியாகாது. அதனால புது பேட்டரி வாங்கற கடையிலயே பழசைக் குடுத்துடுங்க, 2022 பேட்டரி கழிவு விதிப்படி அதை முறையா மறுசுழற்சிக்கு அனுப்பற பொறுப்பு கம்பெனிக்கு இருக்கு. காசு கொஞ்சம் கம்மியா வந்தாலும் பரவால்ல.

கேள்வி: கேஸ் இருக்கு, ஆனா வெந்நீரும் சோறும் விறகுலதான். பாதி குறைஞ்சா போதாதா?

போதாதுங்க, கொஞ்ச நேரப் புகையே நுரையீரலுக்கு ஜாஸ்தி. வீட்டுப் புகையால 2020ல மட்டும் உலகத்துல 32 லட்சம் பேர் செத்திருக்காங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 2016ல உஜ்வாலா கேஸ் திட்டம் வந்து கோடிக்கணக்கான வீட்டுக்கு கனெக்ஷன் குடுத்தது பெரிய விஷயம், ஆனா ரீஃபில் விலை கட்டுப்படியானாதான் விறகு நிக்கும், அதை அரசு பாக்கணும். அதுவரைக்கும் விறகு அடுப்பை வெளிய வைங்க, கைக்குழந்தைய பக்கத்துல வெச்சுக்கிட்டு சமைக்காதீங்க.

கேள்வி: அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தா அரசோட ஆன்லைன் டாக்டர் சேவை இசஞ்சீவனில வீடியோ கால் பண்ணலாமா?

கூடவே கூடாது, உடனே 108. சுகர், பிபி மருந்து சந்தேகத்துக்கு இசஞ்சீவனி நல்லாவே உதவும்.